ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் சாகாமல் சண்டை போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு 2013 பிப்ரவரியில் வந்தது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனம், தன் பழைய ரூன்ஸ்கேப் 2007 ஆகஸ்டில் எப்படி இருந்ததோ அந்தப் பிரதியை எடுத்து மறுபடி ஓடவிட்டது. 2018 அக்டோபரில் மொபைலிலும் வந்ததால், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் உள்ளே நுழைய முடிந்தது. புதிதாக வருகிறவர்கள் சண்டை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடிப்பதைவிடத் தப்பிப்பதற்கே இதில் அதிக இடம் தந்திருக்கிறேன். லெவல் ஏற ஏற அடி தானாகவே பலக்கும். தப்பிக்கும் பழக்கம் அப்படித் தானாக வராது, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸ் மூன்றும் என்ன செய்கின்றன? எதை முதலில் ஏற்றுவது?

அட்டாக் உயர்ந்தால் உங்கள் அடி குறி தவறாமல் விழும். ஸ்ட்ரெங்த் உயர்ந்தால் விழும் அடி பெரிதாக இருக்கும். டிஃபென்ஸ் உயர்ந்தால் எதிரியின் அடி உங்கள்மேல் விழும் வாய்ப்பு குறையும். எந்தத் திறனில் பயிற்சி சேர வேண்டும் என்பதைச் சண்டைத் தாவலில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு புள்ளி சேதத்துக்கும் அந்தத் திறனில் 4 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேரும். கூடவே உங்கள் உயிர்ப் புள்ளிகளான ஹிட்பாயிண்ட்ஸில் (சுருக்கமாக ஹெச்பி) அதில் மூன்றில் ஒரு பங்கு தானாக ஏறும். மற்ற திறன்கள் எல்லாம் 1-இல் தொடங்க, ஹிட்பாயிண்ட்ஸ் மட்டும் 10-இல் தொடங்குகிறது.

புதியவர்களுக்கு என் யோசனை: அட்டாக்கையும் ஸ்ட்ரெங்த்தையும் ஐந்தைந்தாக மாற்றி மாற்றி ஏற்றுங்கள், டிஃபென்ஸைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வாருங்கள். எதிரி சீக்கிரம் செத்தால் அது உங்களை அடிக்கும் நேரமும் குறையும்.

நல்ல கவசம் போட்டிருக்கிறேன். ஆனாலும் பெரிய அடி விழுகிறதே, ஏன்?

கவசம் அடியின் கனத்தைக் குறைப்பதில்லை. அடி விழுமா, தவறுமா என்பதில்தான் அதன் வேலை. ஒவ்வொரு அடிக்கும் எதிரியின் துல்லியத்தையும் உங்கள் தற்காப்பையும் எதிரெதிரே வைத்து ஆட்டம் ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. எதிரி ஜெயித்துவிட்டால் அதன் உச்சபட்ச அடி வரை எந்த எண்ணும் வரலாம். ரூன் என்ற உயர்ந்த உலோகத்தில் செய்த முழுக் கவசத்தில் நிற்கிறவருக்கும் அந்த உச்ச அடி ஒருநாள் விழத்தான் செய்யும்.

அதனால் கவசத்தை நம்பி ஹெச்பியைக் கீழே விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிச் சாவு குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. உலோகக் கவசங்கள் வாளுக்கும் அம்புக்கும் நன்றாக நிற்கும், மந்திரத்துக்கு நிற்காது. மந்திரம் வீசும் எதிரியிடம் போகும்போது ரூன் கவசம் உங்களுக்குப் பாதகம். உங்கள் மேஜிக் லெவல்தான் மந்திரத்துக்கு எதிரான முக்கியத் தற்காப்பு. அதில் 70 சதவீதம் மேஜிக் லெவலிலிருந்தும், மீதி 30 டிஃபென்ஸிலிருந்தும் வருகிறது.

'டிக்', 'டிக்' என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

இந்த ஆட்டத்தின் கடிகாரம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது. அந்த ஒரு துடிப்புக்குப் பெயர் டிக். நீங்கள் எவ்வளவு வேகமாகக் கிளிக் செய்தாலும் அடுத்த டிக் வரும்போதுதான் சர்வர் அதைக் கணக்கில் எடுக்கும். நடப்பது, அடிப்பது, சாப்பிடுவது, பிரேயர் (கொஞ்ச நேரம் உங்களைக் காக்கும் பிரார்த்தனை) போடுவது எல்லாமே டிக் கணக்கில்தான் நடக்கின்றன.

இது தெரிந்தால் பல விஷயங்கள் விளங்கும். சிமிட்டர் என்ற வளைந்த வாளின் வேகம் 4 டிக், அதாவது 2.4 நொடிக்கு ஒரு அடி. லாங்ஸ்வார்டுக்கு 5 டிக். இரு கை வாளுக்கு 7 டிக், அதாவது 4.2 நொடி. இரு கை வாளின் ஒற்றை அடி பெரிதாகத் தெரியும், ஆனால் நிமிடக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் சிமிட்டர்தான் முந்தும். அட்டாக் 40 வந்ததும் ரூன் சிமிட்டர் வாங்குங்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் ஒரே குரலில் சொல்வது இதனால்தான்.

இங்கிருந்து ஆடினால் பிங் அதிகமாக இருக்கிறது. சண்டை போட முடியுமா?

தாராளமாக. பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 150, 200 மில்லிநொடி இருந்தாலும் அது ஒரு டிக்கின் மூன்றில் ஒரு பங்குதான். நொடிக்குப் பலமுறை துடிக்கும் துப்பாக்கி ஆட்டங்களில் படும் கஷ்டம் இங்கே இல்லை. பிங்கின் அளவைவிட அது சீராக இருப்பதுதான் முக்கியம். திடீரென 900-க்குப் போய்த் திரும்பும் இணைப்பில் பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு சண்டைக்குப் போகாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் உங்கள் பாத்திரம் உடனே மறையாது. அங்கேயே நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

லம்பிரிட்ஜிலிருந்து வாரக் போகும் வழியில் கறுப்பு உடைக்காரர்கள் கொன்றுவிடுகிறார்கள். என்ன செய்வது?

வாரக்கின் தெற்கு வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு கல் வட்டம் இருக்கிறது. அங்கே நிற்கும் டார்க் விசார்டுகள்தான் அவர்கள். லெவல் 7-இல் சிலரும் 20-இல் சிலரும் இருப்பார்கள். நீங்கள் தொடாவிட்டாலும் தாமாக வந்து தாக்குவார்கள். பத்து ஹெச்பியோடு வருகிற புதியவர் மேல் இரண்டு பேர் சேர்ந்து மந்திரம் வீசினால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும்.

வழி சுலபம். கல் வட்டத்தை விட்டு நன்றாக விலகிப் போங்கள். ஓட்டத்துக்கான எனர்ஜியை மிச்சம் வைத்து, அந்தப் பகுதியை மட்டும் ஓடிக் கடந்துவிடுங்கள். திருப்பி அடிக்க நிற்காதீர்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பொது விதி இருக்கிறது. தாமாகத் தாக்கும் மான்ஸ்டர்களில் பெரும்பாலானவை, உங்கள் காம்பேட் லெவல் (சண்டைத் திறன்களைச் சேர்த்துக் கணக்கிடும் லெவல்) அவற்றின் லெவலைப்போல இருமடங்கைத் தாண்டிவிட்டால் உங்களைக் கண்டுகொள்ளாது. லெவல் 20 விசார்டு 40 வரை துரத்துவார். 41 ஆனதும் பக்கத்தில் போய் நின்றாலும் சும்மா இருப்பார். அதேபோல் ஒரே பகுதியில் பத்து நிமிடம் இருந்துவிட்டால் அங்குள்ளவை தாமாகத் தாக்குவதை நிறுத்திவிடும். தூரமாகப் போய்த் திரும்பினால் மறுபடி ஆரம்பிக்கும்.

ஆரம்பத்தில் எங்கே பயிற்சி எடுப்பது?

லம்பிரிட்ஜின் கோழிகள், பிறகு மாடுகள். மாட்டுத் தோலை எடுத்து விற்றால் முதல் கவசத்துக்குக் காசு வரும். அப்புறம் எட்ஜ்வில் குகையில் ஹில் ஜயன்ட்கள். லெவல் 28, 35 ஹெச்பி. அவை போடும் பெரிய எலும்புகளைப் புதைத்தால் பிரேயர் ஏறும்.

சந்தா கட்டியவர் என்றால் வாட்டர்ஃபால் குவெஸ்ட் என்ற கதைப் பணியை முதலில் முடித்துவிடுங்கள். லெவல் நிபந்தனை எதுவும் கிடையாது. பரிசாக அட்டாக்கிலும் ஸ்ட்ரெங்த்திலும் தலா 13,750 எக்ஸ்பி தருகிறார்கள். இரண்டும் 1-இலிருந்து நேரே 30-க்குப் போய்விடும். வழியில் ராட்சதர்கள் இருப்பார்கள். அவர்களோடு மோத வேண்டாம், ஓடிக் கடந்தால் போதும். அதன் பிறகு மணல் நண்டுகள். 60 ஹெச்பி இருக்கும், ஆனால் ஒரு அடிக்கு ஒரு புள்ளிக்கு மேல் உங்களுக்குச் சேதம் வராது. சாப்பாடு அதிகம் செலவாகாது.

என்ன சாப்பாடு எடுத்துப் போவது?

உங்கள் சமையல் லெவலும் கையிருப்பும் எதை அனுமதிக்கிறதோ அதில் உயர்ந்தது. இறால் 3 ஹெச்பி தரும், ட்ரவுட் 7, சால்மன் 9, ட்யூனா 10, லாப்ஸ்டர் 12, வாள்மீன் 14, மாங்க்ஃபிஷ் 16, சுறா 20. பையில் இருப்பது 28 இடம்தான். அதில் ஆயுதம், போஷன் (மருந்துப் பானம்), சட்டென வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் டெலிபோர்ட் போக மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் ஆயுள். லாப்ஸ்டரை நிரப்பிய இருபது இடம் 240 ஹெச்பி. அதே இடத்தில் சுறா இருந்தால் 400.

சாப்பிடாமல் நின்றால் ஹெச்பி நிமிடத்துக்கு ஒன்றுதான் தானாக ஏறும். அதை நம்பிச் சண்டை போட முடியாது.

எப்போது சாப்பிட வேண்டும்?

பலர் ஹெச்பி சிவந்து போகும்வரை காத்திருக்கிறார்கள். அளவு அதுவல்ல. எதிரியின் உச்ச அடி எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் மினிமேப் பக்கத்தில் உள்ள விக்கி பொத்தானை அழுத்தி மான்ஸ்டரைத் தொட்டால் அதன் பக்கம் திறக்கும், உச்ச அடி அங்கே எழுதியிருக்கும். உங்கள் ஹெச்பி எப்போதும் அந்த எண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். இரண்டு பேர் அடிக்கிறார்கள் என்றால் இரண்டு உச்ச அடிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, உங்களுக்கு 50 ஹெச்பி, எதிரியின் உச்ச அடி 18 என்று வைத்துக்கொள்வோம். 19-இல் நிற்கும்போது ஒரு அடியைத் தாங்குவீர்கள். ஆனால் நீங்கள் சாப்பிட அழுத்துவதும் அடி விழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால், கிளிக் ஒரு டிக் பிந்தினால், அங்கேயே முடிந்தது. 25 வந்ததும் சாப்பிடுவது நல்லது.

ஒரு மீன் சாப்பிட்டபின் அடுத்ததற்கு 3 டிக், அதாவது 1.8 நொடி காத்திருக்க வேண்டும். உங்கள் அடுத்த அடியும் 3 டிக் தள்ளிப் போகும். போஷன் குடித்தால் அடி தள்ளிப் போகாது. கரம்ப்வான் என்ற ஒரு மீன் மட்டும் இதில் தனி ரகம். சுறாவைச் சாப்பிட்ட அதே டிக்கில் இதையும் சாப்பிடலாம். சுறா 20, கரம்ப்வான் 18. ஒரே மூச்சில் 38 ஹெச்பி. ஆபத்தான இடங்களுக்குப் போகிறவர்கள் பையில் நாலைந்தாவது வைத்திருப்பார்கள்.

பிரேயர் 43 என்று ஏன் இப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் அங்கேதான் ஆட்டம் மாறுகிறது. பிரேயர் 37-இல் மந்திரத்துக்கு எதிரான காப்பு, 40-இல் அம்புக்கு எதிரான காப்பு, 43-இல் கைச்சண்டைக்கு எதிரான காப்பு கிடைக்கிறது. சரியான காப்பைச் சரியான நேரத்தில் போட்டிருந்தால் பெரும்பாலான மான்ஸ்டர்களின் அந்த வகை அடி முழுவதும் பூஜ்யமாகிவிடும். குறைவதில்லை, பூஜ்யமே ஆகிறது. ஒரே அடியில் ஐம்பது ஹெச்பி பறிக்கும் எதிரியின் முன் அரைகுறைக் கவசத்தில் நின்று தப்பலாம். ஆட்டக்காரர்களுக்கு இடையிலான சண்டையில் மட்டும் இந்தக் காப்பு 40 சதவீதம்தான் குறைக்கும்.

43-க்கு 50,339 எக்ஸ்பி வேண்டும். பெரிய எலும்பைப் புதைத்தால் ஒன்றுக்கு 15, ஆகவே 3,356 எலும்பு. டிராகன் எலும்புக்கு 72. அதையே இரண்டு விளக்கும் ஏற்றிய தங்கப் பலிபீடத்தில் வைத்தால் மூன்றரை மடங்கு, அதாவது 252. அப்படியானால் 200 எலும்பில் வேலை முடிந்தது. காசு சேர்த்து இந்த வழியில் போவதைத்தான் நான் சொல்வேன். ஹில் ஜயன்ட்களைக் கொன்று மாதக்கணக்கில் புதைத்துக்கொண்டிருப்பவர்கள் சலித்துப்போய் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

காப்புப் பிரேயர் 3 நொடிக்கு ஒரு புள்ளி தின்னும். 43 புள்ளிகள் இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் தாங்கும். அந்த லெவலில் பிரேயர் போஷனின் ஒரு மிடறு 17 புள்ளி திருப்பித் தரும். எதிரி செத்ததும் பிரேயரை அணைக்க மறக்காதீர்கள். அடுத்தது வரும்வரை எரியவிட்டே பாதிப் போஷனைத் தீர்ப்பவர்கள் உண்டு.

எதிரி எந்த வகையில் அடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் நின்று அடிக்கிறது, நடுவில் ஏதாவது பறந்து வருகிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, பேரோஸ் சகோதரர்கள் என்ற எதிரிகள் ஆறு பேரில் ஆரிம் மந்திரம், காரில் வில், மற்ற நால்வரும் கைச்சண்டை. டாரோக்கிடம் கவனம் தேவை. அவன் ஹெச்பி குறையக் குறைய அடி பெரிதாகும். அவனிடம் காப்பில்லாமல் நிற்காதீர்கள். வெராக் காப்பையும் மீறி அடிப்பான், அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'சேஃப் ஸ்பாட்' என்பது ஏமாற்று வேலையா?

இல்லவே இல்லை. ஆட்டத்தின் இயல்பைப் பயன்படுத்துவதுதான், எல்லோரும் செய்வது. நீங்கள் எங்காவது கிளிக் செய்தால் உங்கள் பாத்திரம் தடைகளைச் சுற்றி வழி கண்டுபிடித்துப் போகும். மான்ஸ்டருக்கு அந்த அறிவு கிடையாது. உங்களை நோக்கி முதலில் குறுக்காக நகரும், பிறகு நேராக நகரும், நடுவில் ஒரு பாறை இருந்தால் அதோடு முட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் அந்தப் பக்கம் நின்று அம்போ மந்திரமோ விடலாம். கைச்சண்டை மட்டும் தெரிந்த பெரிய உருவங்களுக்கு எதிராக இது அருமையான வழி.

விசார்ட்ஸ் டவரின் மேல்மாடியில் ஒரு லெஸர் டீமனைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே நின்று மந்திரம் விட்டுப் பழகலாம். அது உங்களைத் தொட முடியாது. கூண்டுக்குள் விழும் பொருளை எடுக்க மேஜிக் 33-இல் வரும் டெலிகைனடிக் கிராப் வேண்டும். மேஜிக் பயிற்சிக்குப் புதியவர்களுக்கு இதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

சில மான்ஸ்டர்கள் எவ்வளவு அடித்தாலும் சாகவில்லையே?

அவற்றுக்கென்று ஒரு பொருள் தேவைப்படும். டிரேனர் மாளிகையின் நிலவறையில் இருக்கும் ரத்தக்காட்டேரி கவுன்ட் டிரேனரை எடுத்துக்கொள்ளுங்கள். அவனைக் கொல்ல ஆப்பும் சுத்தியலும் வேண்டும். ஆப்பு, வாரக்கின் ப்ளூ மூன் விடுதியில் குடித்துக்கொண்டிருக்கும் டாக்டர் ஹார்லோவிடம் இருக்கிறது. ஒரு பீர் வாங்கிக் கொடுத்தால் தருவார். பையில் பூண்டு இருந்தால் காட்டேரி பலவீனமாகிவிடுவான். இத்தனையும் எடுத்துப் போனால் குறைந்த லெவலிலேயே முடித்துவிடலாம். பரிசு 4,825 அட்டாக் எக்ஸ்பி, புதியவரை நேரே 20-க்குக் கொண்டுபோகும்.

குறிப்பிட்ட மான்ஸ்டர்களைக் கொன்று வரச் சொல்லும் ஸ்லேயர் வேலைகளில் இது நிறைய வரும். பான்ஷீயின் கூச்சலுக்குக் காதடைப்பான், பேசிலிஸ்க்கின் பார்வைக்குக் கண்ணாடிக் கேடயம், அபெரன்ட் ஸ்பெக்டரின் நாற்றத்துக்கு மூக்குப்பிடி. ராக்ஸ்லக்கைக் கடைசியில் உப்புப் போட்டு முடிக்க வேண்டும். கார்கோயிலுக்குப் பாறைச் சுத்தியல், பாலைவனப் பல்லிக்குக் குளிர்ந்த நீர். காதடைப்பான் இல்லாமல் பான்ஷீயிடம் போனால் உங்கள் திறன்கள் எல்லாம் சரசரவென்று இறங்கிவிடும். வேலை கொடுக்கும் ஸ்லேயர் மாஸ்டரிடமே இந்தப் பொருட்கள் விற்பனைக்கு இருக்கும், வேலையை வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

டிராகனிடம் போவதற்கு எது கட்டாயம்?

டிராகன் எதிர்ப்புக் கேடயம். லம்பிரிட்ஜ் கோட்டை மாடியில் டியூக் ஹொராஷியோவிடம் கேட்டால் இலவசமாகத் தருவார். அது இல்லாமல் நின்றால் ஒரு நெருப்பு மூச்சிலேயே ஐம்பது ஹெச்பி போகலாம். டிராகன் ஸ்லேயர் குவெஸ்ட்டில் க்ராண்டோர் தீவின் எல்வார்கைச் சந்திக்கும்போது உங்களில் பலருக்கு மொத்த ஹெச்பியே அவ்வளவுதான் இருக்கும். கேடயம் ஒரு கையை எடுத்துக்கொள்வதால் இரு கை ஆயுதங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சந்தாக்காரர்கள் கேடயத்தோடு ஆன்டிஃபயர் போஷனும் குடித்தால் சாதாரண டிராகன்களின் நெருப்பு சுத்தமாகப் படாது.

சண்டை கைமீறிப் போனால் எப்படி ஓடுவது?

ஓடுவதைச் சண்டைக்குப் போகும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பையில் ஒரு இடம் டெலிபோர்ட் டேப்லெட்டுக்கு. எப்போதும் ஒரே மூலையில் வையுங்கள், கை தானாக அங்கே போகும். ஹோம் டெலிபோர்ட்டை நம்பாதீர்கள், அது மெதுவானது, அடி விழுந்தால் அறுந்துவிடும். லாக்அவுட்டும் உதவாது. சண்டை முடிந்து பத்து நொடி ஆகும்வரை ஆட்டம் உங்களை வெளியே விடாது.

எப்போது கிளம்புவது? கடைசி மூன்று மீன் இருக்கும்போது. "இன்னும் ஒன்றே ஒன்று கொன்றுவிட்டுப் போகலாம்" என்று தோன்றும் அந்த நேரம்தான் சரியான நேரம்.

செத்துவிட்டால் பொருளெல்லாம் போய்விடுமா?

மான்ஸ்டரிடம் செத்தால் மதிப்பில் உயர்ந்த மூன்று பொருட்கள் உங்களோடு வரும். மீதி செத்த இடத்தில் ஒரு கல்லறைக்குள் 15 நிமிடம் இருக்கும். அதற்குள் போய் எடுத்துக்கொள்ளலாம். தவறவிட்டால் டெத் என்பவரின் அலுவலகத்தில் கட்டணம் கட்டி மீட்கலாம். பிரேயர் 25-இல் வரும் புரொடெக்ட் ஐட்டம் போட்டிருந்தால் இன்னும் ஒரு பொருள் தப்பும். பதற்றத்தில் வெறும் கையோடு ஓடி அதே இடத்தில் மறுபடி சாகாதீர்கள். 15 நிமிடம் போதுமான நேரம். வங்கிக்குப் போய்ச் சாப்பாடு எடுத்துக்கொண்டே போங்கள்.

அயர்ன்மேன் என்பது மற்றவர்களோடு வாங்கல் விற்றல் இல்லாமல் தனியே ஆடும் முறை. அதிலும் ஹார்ட்கோர் அயர்ன்மேன் முறையில் ஆடுகிறவர்களுக்கு உயிர் ஒன்றுதான். செத்தால் சாதாரண அயர்ன்மேனாக ஆகிவிடுவார்கள். முதல் கணக்கிலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வில்டர்னஸுக்குள் போகலாமா?

இழந்தால் வருத்தப்படாத பொருட்களோடு மட்டும் போகலாம். வடக்கே பள்ளத்தைத் தாண்டியதும் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். உள்ளே போகப் போக வில்டர்னஸ் லெவல் ஏறும். லெவல் 10-இல் நின்றால் உங்களைவிடப் பத்து காம்பேட் லெவல் கூடவோ குறையவோ உள்ள யாரும் தாக்கலாம். லெவல் 20-ஐத் தாண்டினால் பெரும்பாலான டெலிபோர்ட்கள் வேலை செய்யாது. சார்ஜ் உள்ள குளோரி மாலை 30 வரை வேலை செய்யும். தலைமேல் மண்டையோடு குறி இருக்கும்போது செத்தால் அந்த மூன்று பொருளும் கூட மிஞ்சாது.

ஒருவர் "என் பின்னால் வா, நல்ல இடம் காட்டுகிறேன்" என்கிறார். போகலாமா?

வேண்டாம். புதியவரை வில்டர்னஸுக்குள் அழைத்துப்போய்க் கூட்டாளிகளை வைத்துக் கொல்வது பழைய தந்திரம். கவசத்துக்கு இலவசமாகத் தங்க விளிம்பு போட்டுத் தருகிறேன் என்பதும் அதே வகைதான். அப்படி ஒரு வசதியே ஆட்டத்தில் கிடையாது. கவசத்தைக் கொடுத்தால் திரும்பி வராது. சின்னப் பையன்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வீட்டில் தம்பி தங்கை ஆடினால் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

முதல் பாஸ் சண்டைக்கு எது நல்லது?

இலவசக் கணக்கென்றால் ஓபோர். ஹில் ஜயன்ட்களிடம் எப்போதாவது கிடைக்கும் ராட்சதச் சாவி இருந்தால் அவனிடம் போகலாம். சந்தா இருந்தால் 2024-இல் வந்த ஸ்கரியஸ். வாரக் சாக்கடைக்குள் இருக்கும் எலிகளின் அரசன். மூன்று வகையிலும் அடிக்கும், கூரையிலிருந்து கல்லும் விழும். தரையில் நிழல் தெரிந்ததும் நகர வேண்டும். இடையில் சாப்பாட்டுக் குவியலுக்கு ஓடிப்போய் ஹெச்பியை ஏற்றிக்கொள்ளும். பிரேயர் மாற்றுவது, இடம் மாறுவது இரண்டையும் பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை.

ஜாட்டை எப்படி வெல்வது?

டிஸார் ஃபைட் கேவில் 63 அலைகள். கடைசி அலையில் வருவது டிஸ்டாக்-ஜாட். லெவல் 702, 250 ஹெச்பி, உச்ச அடி 97. வென்றால் ஃபயர் கேப் கிடைக்கும். தோற்றால் மறுபடி முதல் அலை. முதல்முறை போகிறவர்களுக்கு அங்கே வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதனால்தான் ஜாட் வந்ததும் கை நடுங்குகிறது. இந்த நடுக்கம்தான் பலரைக் கொல்கிறது, 97 அல்ல.

தூரத்தில் நின்றால் அது இரண்டு விதமாக அடிக்கும், இரண்டும் பார்த்தாலே தெரியும். பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைக் காற்றில் தொங்கவிட்டு, வாயிலிருந்து நெருப்புப் பந்தை விட்டால் மந்திரம். முன்னங்கால்களைத் தரையில் ஓங்கி மிதித்தால் மேலிருந்து பாறை விழப்போகிறது, அது ரேஞ்ச், அதாவது அம்பு வகை அடி. அசைவு தொடங்கியதைப் பார்த்த பிறகு பிரேயரை மாற்றினாலும் நேரம் போதும். இரண்டு அடிகளுக்கு நடுவே 8 டிக், அதாவது 4.8 நொடி இருக்கிறது. ஊகித்து முன்கூட்டி மாற்றாதீர்கள். காலைப் பாருங்கள், மாற்றுங்கள், பிறகு ஒரு அம்பு விடுங்கள். பக்கத்தில் மட்டும் போகாதீர்கள், கையாலும் அடிக்கும்.

ஹெச்பி பாதிக்கு இறங்கியதும் நான்கு ஹீலர்கள் வந்து அதைக் குணப்படுத்தத் தொடங்குவார்கள். இங்கேதான் பெரும்பாலானோர் சாகிறார்கள். ஹீலரைக் கிளிக் செய்யும்போது கண் ஜாட்டைவிட்டு விலகிவிடுகிறது, அந்த ஒரு நொடியில் காப்பு மாறாமல் போகிறது. ஒழுங்கு இதுதான்: ஜாட்டின் அடி, பிரேயர் மாற்றம், பிறகு ஒரு ஹீலர்மேல் ஒரே ஒரு அம்பு. மறுபடி ஜாட்டைப் பாருங்கள். அடுத்த அடி, பிரேயர், அடுத்த ஹீலர். ஒரு அம்பு பட்டாலே ஹீலர் ஜாட்டை விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடும். அவற்றின் அடி வலிக்கும், ஆனால் சாப்பிட்டுச் சமாளிக்கலாம். இந்த நேரத்தில் ஜாட்டின் ஹெச்பி ஏறினால் ஏறட்டும்.

நடுவில் எழுந்துபோக வேண்டியிருந்தால் லாக்அவுட்டை அழுத்தி வைத்தால் அந்த அலை முடிந்ததும் வெளியேறலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 60-ஆவது அலையில் இப்படி ஒரு இடைவெளி எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வருவது நல்ல யோசனை.

இதையெல்லாம் மொபைலில் செய்ய முடியுமா?

முடியும். கம்ப்யூட்டரில் ஃபங்ஷன் விசைகளால் பையையும் பிரேயரையும் மாற்றிக்கொள்வார்கள். மொபைலில் அந்தத் தாவல்களைக் கட்டைவிரல் எட்டும் ஓரத்தில் வைத்து ஆடுங்கள். ஜாட்டுக்குப் பிரேயர் தாவல் திறந்தே இருக்கட்டும், சாப்பிடவும் போஷன் குடிக்கவும் மட்டும் பைக்கு மாறுங்கள். ஹெச்பியை 97-க்கு மேல் ஏற்றி வைக்க முடியாதவர்கள் ஒரு காப்பைத் தவறவிட்டாலும் தப்ப முடியாமல் போகலாம், எனவே ஹீலர்கள் வரும் முன்பே பிரேயர் புள்ளியையும் ஹெச்பியையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அழைப்பு வந்தால் ஆட்டம் பின்னால் போய்விடும். போகும் முன் போனைத் தொந்தரவு செய்யாதே முறையில் போட்டு, சார்ஜரில் செருகிவிடுங்கள்.